கல்தூணில் தெரிந்த மூன்று சென்டிமீட்டர்

வேலிக் கல்தூண்களுக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். தரை வரைக்கும் விடாமல் அடித்ததில் பிரஷ்ஷில் மண் ஒட்டிக்கொண்டு, கடைசியில் பிரஷ்ஷையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதனால்தான் அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. போன கோடையில் மறுபடி அடிக்கலாம் என்று டப்பாவோடு போய்க் குனிந்தால், பெயிண்ட் முடியும் இடத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெறுங்கல் தெரிகிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 3 சென்டிமீட்டர்.

மேட்டுப் பக்கத்துத் தூண்கள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே கதை. பள்ளத்துப் பக்கம் போனால் நேர்மாறு. அங்கே பெயிண்ட் மண்ணுக்குள் இறங்கிப் போகிறது. கையால் தோண்டியதில் ஒரு தூணில் 9 செ.மீ. ஆழத்தில்தான் பெயிண்டின் விளிம்பு கிடைத்தது.

தூண் மேலே எழும்பவில்லை, மண்தான் இறங்கியிருக்கிறது என்று புரிய இரண்டு நிமிடம் ஆனது. பெயிண்ட் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

9 வருடத்தில் 30 மி.மீ. என்றால் வருடத்துக்குச் சுமார் 3.3 மி.மீ. பார்க்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் ஒரு ஹெக்டேர் பரப்பில் 1 மி.மீ. மண் என்றால் 10 கன மீட்டர். என் மண்ணின் எடை எவ்வளவு என்று பார்க்க, 10 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள ஒரு தகர டின்னின் இரண்டு பக்கமும் வெட்டி, மண்ணில் மெல்ல அடித்து இறக்கி, உள்ளே இருந்த மண்ணைக் காயவைத்து நிறுத்தேன். 785 கன செ.மீ. மண் 1,020 கிராம் இருந்தது. அதாவது கன மீட்டருக்கு 1.3 டன். ஆக ஒரு மில்லிமீட்டர் என்பது ஹெக்டேருக்கு 13 டன். 3.3 மி.மீ. என்றால் 43 டன்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பவும் முடியாது. தூணைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடும், அங்கே மட்டும் கூடுதலாக அரிக்கும். தூணடி மண்ணைப் பார்த்து நிலம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது சரியில்லை. நிலத்தில் நேராகவே அளந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்த மழைக்காலம் முழுக்க அளந்த கதைதான் இது. பாதிக்குமேல் தப்பாகத்தான் செய்தேன்.

முதலில் மூன்று குழி

அளக்கும் முன்னால் கையிருப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். மூன்று இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினேன். ஒன்று வேலியோரம், பல வருடமாக உழாமல் புல் மண்டிக் கிடக்கும் இடத்தில். இன்னொன்று சரிவின் நடுவில். மூன்றாவது பள்ளத்தில். குழியின் ஒரு பக்கத்தைக் கத்தியால் செதுக்கிவிட்டு, தண்ணீர் தெளித்துப் பார்த்தால் நிறம் பிரிந்து தெரியும். மேலே கறுத்த மண், கீழே வெளிறிய செம்மண், அதற்கும் கீழே சரளை.

வேலியோரம் கறுத்த மண் 19 செ.மீ. நடுச்சரிவில் 11. பள்ளத்தில் 34.

வேலியோரத்துக்கும் நடுச்சரிவுக்கும் இடையே நாற்பது அடிகூட இருக்காது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே மண்ணாகத்தான் இருந்திருக்கும். வேலியோரத்து மண்ணைக் கையில் எடுத்தால் சின்னச் சின்ன உருண்டைகளாக உதிர்கிறது, மழை மணம் வருகிறது, மண்புழு நெளிகிறது. நடுச்சரிவு மண் கட்டியாக வருகிறது, அழுத்தினால் மாவாகிறது. 1905இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், லூயிசா என்ற வட்டாரத்தில் மண் ஆய்வுக்குப் போன ஹியூ ஹாமண்ட் பென்னட் இதே மாதிரி ஒன்றைப் பார்த்தார். காட்டு மண்ணும் உழவு மண்ணும் பக்கத்துப் பக்கத்தில். காட்டில் மெத்தென்று இருந்தது, வயலில் இறுகிக் கிடந்தது. ஓடை விழாமல், பள்ளம் பறியாமல், தாள் தாளாக மண் உரிந்து போகிறது என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது. முப்பது வருடம் கழித்து, புழுதிப் புயல்கள் நாட்டையே மூடிய 1935இல், அமெரிக்கா மண் காப்புச் சட்டம் போட்டபோது அதற்கான துறையின் தலைவரும் அவர்தான். எனக்கு உறைப்பதற்குப் பெயிண்ட் டப்பா தேவைப்பட்டது.

இந்த 11 செ.மீ. விஷயத்தில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. கலப்பையும் கிட்டத்தட்ட அந்த ஆழத்துக்குத்தான் போகிறது. மேலே இருந்து 3 மி.மீ. போனால், அடுத்த உழவில் கீழே இருந்து 3 மி.மீ. அடிமண் மேலே வந்து கலந்துவிடும். அதனால் எந்த வருடம் பார்த்தாலும் உழுத ஆழத்துக்கு மண் நிறைவாகத்தான் இருக்கும். நிறம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். பாலில் எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தால் குடம் என்றைக்கும் குறையாது அல்லவா, அந்தக் கதைதான். மண் தீர்ந்து போனதை யாரும் ஒருநாள் காலையில் எழுந்து பார்ப்பதில்லை. உரம் கொஞ்சம் கூடப் போடவேண்டி வரும், தண்ணீர் கொஞ்சம் சீக்கிரம் கட்டவேண்டி வரும், அவ்வளவுதான் வெளியே தெரியும்.

பத்துச் சதுர மீட்டர்

நடுச்சரிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி. ஒவ்வொன்றும் சரிவு வாக்கில் 5 மீட்டர், குறுக்கே 2 மீட்டர். இந்த அளவு வேண்டுமென்றே எடுத்தது. 10 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாத்தியிலிருந்து ஒரு கிலோ மண் போனால் ஹெக்டேருக்கு ஒரு டன் என்று அப்படியே படித்துக்கொள்ளலாம், பெருக்கல் வேலை மிச்சம். இந்தத் தந்திரம் என் சொந்தச் சரக்கு இல்லை. மண் அரிப்பைக் கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படுத்தும் சூத்திரத்துக்கு அளவுகோலாக வைத்த பாத்தியின் நீளம் 72.6 அடி, அதாவது சுமார் 22 மீட்டர். ஏன் இந்த விசித்திர எண் என்றால், 6 அடி அகலத்தோடு பெருக்கினால் சரியாக ஏக்கரில் நூறில் ஒரு பங்கு வரும். கணக்குப் போடுகிறவன் வசதிக்காக வந்த நீளம்.

டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் 5 மீட்டருக்கு 35 செ.மீ. இறக்கம். 7 சதவீதச் சரிவு. நின்று பார்த்தால் சரிவு என்றே தோன்றாது.

பாத்தியைச் சுற்றி 25 செ.மீ. அகலத் தகரப் பட்டையை, 10 செ.மீ. மண்ணுக்குள் போகும்படி இறக்கினேன். வெளித் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, உள் தண்ணீர் வெளியே போகக்கூடாது. கீழ் ஓரத்தில் மட்டும் பாதியாக அறுத்த பிவிசி குழாயைத் தொட்டியாகப் பதித்து, அதிலிருந்து ஒரு குழாய் மூலம் வாளிக்கு வழி. தொட்டியின் விளிம்பு மண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும். உயர்ந்தால் தண்ணீர் தேங்கும், தாழ்ந்தால் அடியில் புகுந்து அரித்துக்கொண்டு போய்விடும். இந்த ஒரு இணைப்பைச் சரிசெய்யவே ஒரு முழுநாள் போனது. கடைசியில் களிமண்ணைப் பிசைந்து பூசிப் பார்த்து, அது முதல் தூறலிலேயே கரைய, சிமெண்ட் பூசிவிட்டேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஒரு பாத்தி வழக்கம்போல் உழுத மண். இன்னொன்றின் மேல் 4 கிலோ வைக்கோல் பரப்பி மூடாக்கு. மழையை அளக்க, நேராக நிற்கும் தகர டப்பா ஒன்று. அதில் 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டே 20 லிட்டர் வாளியை வைத்தேன் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. முதல் நல்ல மழை 31 மி.மீ. பத்துச் சதுர மீட்டரில் 310 லிட்டர் விழுந்திருக்கிறது. வாளி எப்போது நிரம்பியது, எவ்வளவு வழிந்தது, ஒன்றும் தெரியாது. காலையில் போனபோது வாளி பக்கவாட்டில் கிடந்தது. அந்த மழையின் கணக்கு நோட்டில் கோடுதான்.

அப்புறம் 200 லிட்டர் டிரம் வாங்கி வைத்தேன். பெரிய மழைக்கு அதுவும் போதாது. அதற்கு ஒரு வழி: டிரம்மின் கழுத்துக்குக் கீழே ஒரே மட்டத்தில், ஒரே அளவில் ஐந்து ஓட்டை. டிரம் நிரம்பினால் ஐந்தின் வழியாகவும் சமமாக வழியும். ஒரே ஒரு ஓட்டையின் தண்ணீரை மட்டும் இரண்டாவது டிரம்மில் பிடித்து ஐந்தால் பெருக்கினால் போதும். காகிதத்தில் அழகாக இருக்கும் யோசனை. டிரம் துளி சாய்ந்தாலும் ஒரு ஓட்டையில் மட்டும் பீறிட்டுக்கொண்டு வரும், மற்றது சொட்டும். டிரம்மின் அடியில் சிமெண்ட் பலகை போட்டு, தண்ணீர் நிரப்பி, ஐந்தும் ஒரே நேரத்தில் சொட்டத் தொடங்கும்வரை ஓட்டுச் சில்லுகளைச் செருகிச் செருகி மட்டம் பார்த்தேன்.

ஆணியும் வாஷரும் என்று இன்னொரு முறையும் பக்கத்தில் ஓடியது. நீள ஆணியில் வாஷர் கோத்து, வாஷர் மண்ணைத் தொடும்படி அடித்துவிட வேண்டும். மண் இறங்கினால் வாஷரும் இறங்கும், ஆணித்தலைக்கும் வாஷருக்கும் உள்ள இடைவெளி கூடும். ஒரு மாதத்தில் 6 மி.மீ. காட்டியது. பயந்தே போனேன். பிறகுதான் உறைத்தது: புதிதாக உழுத மண் மழை பட்டால் தானே அமுங்கும். அரிப்பு பாதி, அமுக்கம் பாதி, எது எவ்வளவு என்று ஆணிக்குத் தெரியாது. உழாத நிலத்துக்குத்தான் இந்த முறை சரிப்படும்.

தெளிந்த தண்ணீர்

டிரம்மில் வந்த மண்ணை நிறுப்பது எப்படி? நான் செய்தது: ஒருநாள் அப்படியே விட்டுவிட்டு, மேலே தெளிந்ததும் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய சேற்றை வெயிலில் காயவைத்து நிறுத்தேன். மூன்று மழைக்கு இப்படியே. எண்களும் சின்னதாக, மனதுக்கு இதமாக வந்தன.

நான்காவது மழையில் ஒரு விபத்து. சாய்த்த தண்ணீரில் ஒரு லிட்டர் போல இரும்புச் சட்டியில் விழுந்து, அது அடுப்பு மேடையிலேயே வற்றிவிட்டது. சட்டியைக் கழுவ எடுத்தால் அடியில் காகிதம் மாதிரி ஒரு படலம். விரலால் தடவினால் முகப்பவுடர் போல வழவழப்பு. சுரண்டி நிறுத்தேன்: 3.4 கிராம். தெளிந்துவிட்டது என்று நான் நினைத்த தண்ணீர் உண்மையில் வெளிறிய தேநீர் நிறம், நான்தான் கவனிக்கவில்லை. லிட்டருக்கு 3.4 கிராம் என்றால் ஒரு டிரம்முக்கு 680 கிராம். அத்தனையையும் மூன்று மழையாகத் தரையில் கொட்டியிருக்கிறேன்.

கொட்டியது சாதாரண மண்ணும் இல்லை. மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும், வண்டல் படிய மணிக்கணக்காகும், களி நாள்கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். பயிருக்கு வேண்டிய சத்தைப் பிடித்துவைப்பது அந்தக் களியும், அதோடு ஒட்டியிருக்கும் மக்கிய இலைதழையும்தான். மணல் வெறும் எலும்பு மாதிரி. மழைத் தண்ணீருக்கு எதைத் தூக்குவது சுலபம்? லேசானதை. அது முதலில் கிளம்பி, கடைசியில் படிகிறது. ஆக நிலத்தை விட்டுப் போகிற மண், நிலத்தில் மிஞ்சுகிற மண்ணைவிடப் பெரும்பாலும் சத்தானது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். டிரம்மைக் கழியால் ஒரு நிமிடம் நன்றாகக் கலக்கி, சுழலும்போதே நடு ஆழத்தில் மூன்று முறை ஒரு லிட்டர் மொண்டு, சிட்டிகை படிகாரம் போட்டு இரவு முழுக்க விட்டு, வற்றவைத்து நிறுப்பது. படிகாரம் களித்துகள்களைத் திரட்டி இறக்கிவிடும். கலக்கினாலும் எழாத மணலைத் தனியாக அள்ளிக் காயவைப்பது. முதல் மூன்று மழைக்கும் சேர்த்து ஒரு கிலோ தோராயமாகக் கூட்டிக்கொண்டேன். நோட்டில் அதற்கு நேரே கேள்விக்குறி இருக்கிறது.

ஒரு மாலை 62 மி.மீ. பெய்தது. நானும் குடையோடு பாத்தி ஓரத்தில் நின்றேன். பெரிய மழைத்துளி நொடிக்குக் கிட்டத்தட்ட 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெறும் பாத்தியில் ஒவ்வொரு துளியும் ஒரு சின்னக் கிரீடம் போலச் சேற்றைத் தெறிக்கவிட்டது. பக்கத்தில் நட்டிருந்த வெள்ளைப் பலகையில் அரை மீட்டர் உயரம் வரை புள்ளி. கால் மணி நேரத்தில் பாத்தியின் மேற்பரப்பு மெழுகிய தரை மாதிரி பளபளக்க ஆரம்பித்தது. தெறித்த பொடி துவாரங்களை அடைத்துவிட்டது. அதன் பிறகு தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, ஓடத்தான் செய்தது. மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனி மண்பீடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கல் குடை பிடித்த இடம் நின்றது, சுற்றிலும் இறங்கிவிட்டது. பீடத்தின் உயரம் 4 மி.மீ., அமுக்கத்தையும் சேர்த்து.

அன்று வெறும் பாத்தியில் 340 லிட்டர் ஓடி வந்தது, 8.2 கிலோ மண்ணோடு. வைக்கோல் பாத்தியில் 120 லிட்டர், மண் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

மழைக்காலம் முடிந்து கூட்டினால் வெறும் பாத்தி 24 கிலோ, மூடாக்கு 2.6 கிலோ. அந்த 24இல் 15.5 கிலோ இரண்டே இரண்டு மழையில் போனது. மற்ற மழையெல்லாம் பெய்தது பெய்தபடி, பெரிய சேதமில்லை. வருடம் முழுக்க நிலத்தைக் காத்துவிட்டு அந்த இரண்டு மழைகளின்போது மட்டும் வெறுமையாக விட்டாலும் போதும், போய்விடும்.

24 டன் என்பது கிட்டத்தட்ட 1.8 மி.மீ. தூண் சொன்ன 3.3ஐவிடக் குறைவு. நிலத்தின் சரிவு 5 மீட்டரில் முடிவதில்லை, நீளம் கூடக்கூட ஓட்டத்தின் வேகம் கூடும். தவிர, மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி உழும்போது கலப்பையே மண்ணைக் கீழே தள்ளிக்கொண்டு போகிறது. அதற்கு மழையே வேண்டாம். மிச்ச வித்தியாசத்தின் பெரும்பகுதியை நான் அதன் கணக்கில்தான் எழுதுவேன்.

அமெரிக்கக் கணக்கில் ஆழமான மண்ணுக்கு ஏக்கருக்கு 5 டன் வரை போனால் தாங்கும் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 11 டன், ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாறை சிதைந்து புது மண் உருவாகும் வேகமோ பெரும்பாலான இடங்களில் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வரம்புக்குள்ளேயே இருந்தாலும் செலவு வரவைத் தாண்டித்தான் நிற்கிறது. என் 24 பற்றிச் சொல்லவே வேண்டாம்.

திரும்பக் கொட்டினேன்

இத்தனைக்குப் பிறகும் எனக்குள் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மண் எங்கே போய்விட்டது? டிரம்மில்தானே இருக்கிறது. பள்ளத்தில்தானே படிந்திருக்கிறது. அள்ளிக்கொண்டு போய் மேட்டில் கொட்டினால் தீர்ந்தது.

டிரம் சேற்றைப் பன்னிரண்டு சட்டி தூக்கி, நடுச்சரிவில் 2 சதுர மீட்டரில் பரப்பினேன். வெயிலில் அது காய்ந்து ஓடு மாதிரி வெடித்தது, நகக்கண் தடிமனில் பொருக்கு. கொத்தி உடைத்து நீர் தெளித்து, 40 பயறு விதை ஊன்றினேன். பக்கத்தில் சும்மா கிடந்த மண்ணிலும் 40. சேறு கொட்டிய இடத்தில் 9 முளைத்தது, பக்கத்தில் 34. முளைக்காதவற்றைத் தோண்டிப் பார்த்தால், முளை விட்டு, பொருக்கை முட்டி, மடங்கி, உள்ளேயே பழுத்துக் கிடந்தது.

தொட்டி விளிம்பில் தங்கிய மண் இதற்கு நேரெதிர். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்துப் பார்த்தேன், முக்கால்வாசிக்குமேல் மணல். தண்ணீர் நிற்காது. அதாவது மழை மண்ணைக் கொண்டுபோகும்போதே சலித்துவிடுகிறது. மணல் ஒரு இடம், வண்டல் ஒரு இடம், களி எங்கோ ஓடை கண்ட இடம். எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒன்றாகக் கொட்டினாலும் பழைய மண் ஆவதில்லை.

ஏன் ஆவதில்லை என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. நெல்லிக்காய் அளவுக்கு இரண்டு காய்ந்த மண்கட்டி. ஒன்று வேலியோரப் புல்லடியில் எடுத்தது, இன்னொன்று உழுத பாத்தியில் எடுத்தது. கம்பிவலையில் வைத்துத் தண்ணீரில் முக்கினேன். பாத்திக் கட்டி குமிழி விட்டது. உள்ளே புகும் தண்ணீர் அடைபட்ட காற்றை நெருக்க, அது வெடித்து வெளியேறும். அரை நிமிடத்தில் கட்டி பொலபொலவென்று சரிந்து வலையின் கண்வழியே இறங்கிவிட்டது. புல்லடிக் கட்டி மதியம் வைத்தது, சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. தண்ணீர்கூடக் கலங்கவில்லை. உற்றுப் பார்த்தால் முடியைவிட மெல்லிய வேர்களும், வெள்ளை இழை இழையாகப் பூஞ்சையும் கட்டியைத் தைத்து வைத்திருக்கின்றன. மக்கிய இலைதழையும் வேரின் கசிவும் பசை. அந்தத் தையலும் பசையும் உயிருள்ளவை செய்தவை. டிரம்மில் அது கரைந்து போய்விட்டது. நான் தூக்கிக் கொட்டியது தையல் பிரிந்த துணியின் நூல்.

வரப்பு உடைந்த இரவு

போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்றானபின், நிற்கவைக்கும் வேலைதான் மிச்சம். சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பு போட முடிவு செய்தேன். மட்டம் பார்க்க ஏணிக்கால் போல ஒரு சட்டம்: இரண்டு மீட்டர்க் கழி இரண்டு, மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கழி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். கயிறு குறுக்குக் கழியை எங்கே தொடுகிறது என்பதுதான் மட்டம். நடுக்குறியைக் கண்டுபிடிக்க, சட்டத்தை இரண்டு இடத்தில் ஊன்றிக் கயிறு தொடும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிறகு இரண்டு கால்களையும் இடம் மாற்றி ஊன்றி மறுபடி குறிக்க வேண்டும். இரண்டு குறிக்கும் சரி நடுவில்தான் உண்மையான மட்டம். கழி கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த முறையில் கோணல் தானே கழிந்துவிடும்.

இரண்டு மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனேன். அன்று காற்று. கல் ஆடிக்கொண்டே இருந்தது. ஏழாவது குச்சியில் கை வலித்துப்போய், ஆடும்போதே கண்மதிப்பாக ஒரு குறி பார்த்து அடித்துவிட்டேன். அந்த இடம் 9 செ.மீ. தாழ்வு. அது அப்போது தெரியாது. வரப்பை முழங்கால் உயரத்துக்கு எழுப்பி மிதித்துக் கெட்டிப்படுத்தியாயிற்று.

மழைக்காலத்தின் இரண்டாவது பெரிய மழை ராத்திரியில் வந்தது. காலையில் ஏழாவது குச்சி இருந்த இடத்தில் வரப்பு இல்லை. அத்தனை நீளத்துத் தண்ணீரும் அந்தத் தாழ்வுக்கு வந்து சேர்ந்து, ஏறி வழிந்து, கீழே 4 மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் பறித்திருந்தது. அகலம் 30 செ.மீ., ஆழம் 20, அடியில் குறுகலாக. கணக்குப் போட்டால் 150 கிலோவுக்குமேல் மண். வரப்பே போடாமல் இருந்திருந்தால் அந்த இரவில் அத்தனை போயிருக்காது. பரவி ஓடும் தண்ணீரை ஒரு இடத்தில் கூட்டி, அதன் கையில் கத்தியைக் கொடுத்தது நான்தான்.

காற்றில்லாத காலையில் மறுபடி மட்டம் பார்த்தேன். உடைப்பை அடைத்து, இரண்டு முனையிலும் வரப்பைவிட ஒரு சாண் தாழ்வாகக் கல் பாவிய வழிவாய் வைத்தேன். மிஞ்சிய தண்ணீர் போக வழி விட்டே ஆக வேண்டும், விடாவிட்டால் அது தனக்கு வேண்டிய இடத்தில் வழி செய்துகொள்ளும். வரப்பின் மேல் வெட்டிவேர் நாற்றை ஒரு சாண் இடைவெளியில் நட்டிருக்கிறேன். ஒரு மழைக்காலம் போனால்தான் அது பிடித்ததா என்று சொல்ல முடியும்.

உழவைக் குறுக்கே மாற்றுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரும்பாடாக இருந்தது. டிராக்டர் ஓட்டும் தம்பி, "அண்ணே, குறுக்கே ஓட்டினா திருப்பித் திருப்பியே டீசல் தீந்துடும். இத்தனை வருசமா மேலேர்ந்து கீழதானே ஓட்டறோம், என்ன கெட்டுப்போச்சு?" என்றான். தூணைக் காட்டினேன். குனிந்து பெயிண்ட் விளிம்பைப் பார்த்தான். "தூணு மேல வந்திருக்கும்ணே" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளத்துத் தூணுக்குக் கூட்டிக்கொண்டு போய், தோண்டி வைத்திருந்ததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, மணிக்கணக்கு வாடகை கொஞ்சம் கூட ஆகும் என்றான். சரி என்றேன். ஒத்துக்கொண்டான், ஆனாலும் ஓரத்தில் இரண்டு சுற்று பழைய வழக்கப்படிதான் ஓட்டியிருக்கிறான்.

இப்போதைய நிலவரம்: மூடாக்கு மூன்றாவது மாதமே கரையானுக்குப் போய்விட்டது. கடைசி மழைகளில் அந்தப் பாத்தியும் பாதி வெறுமையாகத்தான் இருந்தது, அப்படியும் 2.6 கிலோ. அடுத்த முறை வைக்கோலை நம்பாமல், பருவ மழைக்கு மூன்று வாரம் முன்னால் பயறு தெளித்துத் தரையை மூடப் பார்க்கப் போகிறேன். வெறும் பாத்தி அப்படியே இருக்கும், ஒப்பிட ஒன்று வேண்டுமே. டிரம்மின் மூன்றாவது ஓட்டை இன்னும் மற்றதைவிட ஒரு நூல் தாழ்வாக இருக்கிறது, வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டும். தூண்களுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. அந்தப் பழைய விளிம்பு இன்னும் கொஞ்ச வருடத்துக்கு எனக்கு வேண்டும்.